பெரியவர்கள் கற்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குப் போய்க்கொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள், புது மொழியோ மென்பொருளோ இசைக்கருவியோ பழகத் தொடங்கியவர்கள், பணியிடத்தில் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். மற்ற பதில்களில் பாதி அதன்மேல்தான் நிற்கின்றன.

வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனிமேல் புதிதாக ஒன்று மண்டையில் ஏறுமா?

ஏறும். வயதோடு குறைவது எது, குறையாதது எது என்று பிரித்துப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். கண்டதும் சட்டென்று புரிந்துகொண்டு செயல்படும் வேகம் இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது. சொல்வளமோ ஐம்பது வயதுக்குப் பிறகும் வளர்கிறது. ஜோஷுவா ஹார்ட்ஸ்ஹார்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாத் திறன்களும் உச்சத்தில் இருக்கும் ஒரே வயது என்று எதுவும் இல்லை என்று காட்டியது.

வளர்ந்த மூளையும் மாறக்கூடியதே. லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்டும் உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை வரைபடம் பார்க்காமல் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அந்தப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலும், அவர்களில் பெரும்பாலோரை முடிவிலும் எலினார் மக்வயரும் கேத்தரின் வூலட்டும் மூளை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் (2011). தேர்ச்சி பெற்ற 39 பேருக்கு மட்டும், நினைவுக்கும் வழியறிதலுக்கும் வேண்டிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பருத்திருந்தது. தேறாதவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

வேகம் குறைந்ததை ஈடுகட்ட வழிகள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். செல்போனை வேறு அறையில் வையுங்கள். விளக்கவுரை வேகமாகப் போனால் 0.75 வேகத்தில் ஓடவிடுங்கள். தொடக்கத்தில் கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்யாதீர்கள். கண்ணாடியின் பவரையும் காது கேட்கும் அளவையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். "முன்போல் ஏறவில்லை" என்பவர்களில் சிலருக்கு உண்மையில் எழுத்து சரியாகத் தெரியாததுதான் காரணம்.

குழந்தைகள் கற்பதற்கும் பெரியவர்கள் கற்பதற்கும் என்ன வேறுபாடு?

அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் 1970களில் பரவலாக்கிய கருத்தைத்தான் இன்றும் பலர் சொல்கிறார்கள்: எதற்காகக் கற்கிறோம் என்று தெரிந்தால்தான் பெரியவர்கள் இறங்குவார்கள், தங்கள் அனுபவத்துக்கு மதிப்பு எதிர்பார்ப்பார்கள், கற்றதை உடனே பயன்படுத்த நினைப்பார்கள். இது சரியான கவனிப்பு. ஆனால் இது மனநிலையைப் பற்றியது. நினைவு இயங்கும் விதம் எல்லா வயதிலும் அடிப்படையில் ஒன்றே. இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "பெரியவர்களிடம் கேள்வி கேட்டுச் சோதிக்கக் கூடாது, அது அவமதிப்பு" என்ற எண்ணம் பயிற்சி வகுப்புகளில் நிலைத்துவிட்டது. கேள்வியே கேட்காமல் விடுவது அவர்கள் கற்பதற்குச் செய்யும் கெடுதல்.

பெரியவர்களின் உண்மையான தனித்தன்மை முன்னறிவு. அது உதவவும் செய்யும், குறுக்கே நிற்கவும் செய்யும். கணக்குப் பதிவேடு எழுதிப் பழகியவருக்கு விரிதாள் மென்பொருள் சீக்கிரம் பிடிபடும். பல ஆண்டுகள் இரண்டு விரலால் தட்டச்சு செய்தவருக்கோ பத்து விரல் முறை புதியவரைவிடக் கடினம். முதல் சில வாரங்கள் வேகம் பழையதைவிடக் குறைந்துபோகும். அவசரம் வந்ததும் பழைய முறைக்கே கை போய்விடும். இப்படிப் பழக்கத்தை மாற்ற வேண்டிய கற்றலை வேலைப்பளு குறைவான வாரத்தில் தொடங்குங்கள். நாளில் ஒரு பகுதியையாவது ஒதுக்கி, அந்த நேரத்தில் பழைய முறையை அறவே தொடாதீர்கள்.

படிக்கும்போது நன்றாகப் புரிகிறது. இரண்டு நாளில் எல்லாம் மறந்துவிடுகிறது. ஏன்?

பக்கம் கண்ணெதிரே இருக்கும்போது "இது தெரியும்" என்று தோன்றுவது ஒன்று. பக்கம் இல்லாதபோது அதை நினைவிலிருந்து எடுக்க முடிவது வேறு. இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் பழகிப்போய் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் பழக்கத்தைத்தான் நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். வேலையிலும் தேர்விலும் வேண்டியதோ எடுக்கும் திறன். அது, எடுத்துப் பார்ப்பதால்தான் வளரும்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் 2006இல் செய்த சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு குழு ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, நினைவுபடுத்தி எழுதியவர்களுக்கு 61 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள் என்பது. படித்து முடித்த சூட்டில் எழும் மனநிறைவை அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை நடைமுறையில் செய்வது எளிது. இரண்டு மூன்று பக்கம் படியுங்கள், அல்லது பத்து நிமிட விளக்கம் கேளுங்கள். மூடிவையுங்கள். சற்று நேரம் கழித்து, வெற்றுத் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் ஐந்து நிமிடம் எழுதுங்கள்; படம், அம்புக்குறி, துண்டுச் சொற்கள் எதுவானாலும் சரி. ஒன்றுமே வரவில்லை என்று தோன்றினாலும் ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள், பெரும்பாலும் ஏதாவது ஒரு நுனி கிடைக்கும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிறப் பேனாவால் திருத்துங்கள். மறுநாள் புதிய பகுதியைத் தொடங்கும் முன், நேற்றையதை மீண்டும் ஒருமுறை பார்க்காமல் எழுதுங்கள்.

இந்த முறை பலன் தராமல் போவது பெரும்பாலும் நான்கு காரணங்களால். முதலாவது, எழுதாமல் மனத்துக்குள்ளேயே "ம், தெரியும்" என்று கடந்துவிடுவது. வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுதுங்கள். இரண்டாவது, திருத்திப் பார்க்காமல் விடுவது. அப்போது தப்பும் சேர்ந்து பதியும். மூன்றாவது, படித்த அடுத்த நொடியே எழுதுவது. சூடு ஆறாதபோது எடுப்பதற்கு முயற்சியே தேவைப்படாது; முயற்சி இல்லாத இடத்தில் பலன் குறைவு. நான்காவது, முதல் நாள் தாளில் பாதிகூட வராததைப் பார்த்து மனம் உடைந்து விட்டுவிடுவது. அப்படித்தான் வரும். உங்கள் கவனத்துக்கு உரியது விடுபட்ட பாதி. அடுத்த முறை எங்கே உழைக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? விடுமுறை நாளில் மொத்தமாக உட்கார்ந்தால் போதாதா?

மொத்த நேரம் ஒன்றேயானாலும், பிரித்துப் படித்தால் அதிகம் நிற்கும். இதற்குப் பெரியவர்களை வைத்தே செய்த நல்ல சோதனை ஒன்று உண்டு. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பயிற்சி கொடுத்தபோது, ஆலன் பேட்லியும் டேவிட் லாங்மனும் அவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள் (1978). நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்களுக்கு விசைப்பலகை கைவசமாக ஏறத்தாழ 35 மணி நேரம் ஆனது. நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆனது.

ஆனால் தங்கள் பயிற்சியில் மிகக் குறைவான திருப்தி கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு மணி நேரக் குழுவினர். மணிக்கணக்கில் அவர்கள் முந்தினாலும் நாள்கணக்கில் அதிகம் ஆனதால், பின்தங்கியது போன்ற உணர்வு. பாதியில் விட்டுப்போகிறவர்களில் பலரை இந்த உணர்வுதான் துரத்துகிறது. ஆகவே முன்னேற்றத்தை நாட்களில் கணக்கிடாமல், செலவழித்த மணிகளில் எழுதிவையுங்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு 25 முதல் 40 நிமிடம் கொண்ட ஓர் அமர்வு, வாரத்தில் ஐந்து நாள் என்பது எங்கள் பரிந்துரை. அதுவும் முடியாத நாளில், புதிதாக எதுவும் படிக்காமல் பழையதை நினைவுபடுத்த மட்டும் பத்து நிமிடம் செலவழியுங்கள்.

எத்தனை நாள் இடைவெளியில் திரும்பப் பார்க்க வேண்டும்?

எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. நிக்கோலஸ் செபீடாவும் குழுவினரும் 1,300க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையில் (2008), ஒரு வாரம் கழித்து வரும் தேர்வுக்கு ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. 35 நாள் கழித்து வருவதற்கு 11 நாள், ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு 21 நாள். காலம் நீள நீள இடைவெளியும் நீள வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. கற்ற மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 21ஆம் நாள், 60ஆம் நாள் என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். ஒரு தேதி தவறிப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அன்று எவ்வளவு நினைவிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் வந்தால் அட்டவணையை அப்படியே தொடருங்கள், குறைந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

கேள்வி அட்டைகள் பயன்படுமா? எப்படி எழுதுவது?

சொற்கள், வரையறைகள், சூத்திரங்கள், விதிகள், விசைப்பலகைக் குறுக்குவிசைகள் போன்ற துண்டு துண்டான தகவல்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறைக்கு ஐந்து பிரிவுகள் வேண்டும். புது அட்டை எல்லாம் முதல் பிரிவில். சரியாகச் சொன்னால் அடுத்த பிரிவுக்கு ஏறும். தப்பானால் எந்தப் பிரிவில் இருந்தாலும் முதலாவதுக்கே திரும்பும். முதல் பிரிவைத் தினமும், இரண்டாவதை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். அங்கி (Anki) போன்ற செயலிகள் இதே வேலையைத் தானாகச் செய்கின்றன.

ஓர் அட்டையில் ஒரே ஒரு கேள்வி. விடை ஐந்து வினாடிக்குள் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "இதயத்தின் அமைப்பை விளக்கு" என்பது அட்டைக்கு ஆகாது. அதைப் பத்து அட்டையாக உடையுங்கள். புரியாத ஒன்றை அட்டையாக்காதீர்கள், முதலில் புரிந்துகொள்ளுங்கள். மற்றவர் செய்த அட்டைகளை மொத்தமாக இறக்கிக்கொள்வதைவிட நீங்களே எழுதுவது மேல், ஏனென்றால் கேள்வியாக மாற்றும்போதே பாதி கற்றல் நடந்துவிடுகிறது.

அட்டை முறையைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் உற்சாகத்தில் முதல் வாரமே நாளுக்கு ஐம்பது புது அட்டை சேர்த்தவர்கள். நாளுக்குப் பத்து சேர்த்தாலே சில வாரங்களில் தினமும் எழுபது, நூறு அட்டை திரும்பப் பார்க்க வேண்டிவரும். பத்தைத் தாண்டாதீர்கள்.

கோடு போட்டுப் படிப்பது, ஹைலைட்டர் பூசுவது?

ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் பத்துக் கற்றல் உத்திகளை அலசி 2013இல் தரம் பிரித்தார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது ஆகிய இரண்டு மட்டுமே உயர்ந்த பயன் என்ற இடத்தைப் பெற்றன. கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் என்ற வரிசையில் வந்தன. கோடு போடும் கை நிற்காது என்றால், கோடு போட்ட ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். அடுத்த முறை வரியை மறைத்துவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

நான் பார்த்தால்தான் கற்பேன், கேட்டால் ஏறாது. என் கற்றல் பாணிக்கு ஏற்பப் படிக்கலாமா?

விருப்பம் ஆளுக்கு ஆள் மாறும், உண்மைதான். ஆனால் விருப்பத்துக்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் குழுவினரின் 2008ஆம் ஆண்டு மதிப்பாய்வு முடிவு சொன்னது. வடிவத்தைப் பாடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்: உச்சரிப்பைக் கேட்டும், வரைபடத்தைப் பார்த்தும், முடிச்சுப் போடுவதைக் கையால் செய்தும் கற்க வேண்டும்.

காணொளி பார்த்தே கற்றுவிட முடியுமா?

பார்ப்பதோடு நின்றால் முடியாது. திறமையானவர் செய்வதைப் பார்க்கப் பார்க்க நமக்கும் வந்துவிட்டது போலத் தோன்றும். கை மட்டும் அதை அறியாது. ஒரு படி பார்த்ததும் நிறுத்துங்கள், நீங்களே செய்யுங்கள், பிறகு தொடருங்கள். முழுவதும் முடிந்ததும் காணொளியை மூடிவிட்டு முதலிலிருந்து தனியாகச் செய்து பாருங்கள். எங்கே நின்றுபோகிறீர்களோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

தொடங்கும்போதே தானாக முயன்று கண்டுபிடிப்பது நல்லதா, செய்து காட்டச் சொல்லிக் கற்பது நல்லதா?

முற்றிலும் புதியவருக்குச் செய்து காட்டுவதே நல்லது. மனம் ஒரே நேரத்தில் ஏந்தக்கூடிய புதிய விஷயங்கள் நான்கைந்துதான். ஒன்றும் தெரியாத நிலையில் ஒரு கணக்கையோ நிரலையோ துழாவிக்கொண்டிருந்தால், தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிடும். விடை கிடைத்தாலும் வழி பதியாது. இதைச் சுட்டிக்காட்டியவர் ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர்.

தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளை முதலில் இரண்டு மூன்று பாருங்கள், ஒவ்வொரு படிக்கும் "ஏன் இப்படி?" என்று உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். அடுத்ததில் கடைசிப் படியை மறைத்துவிட்டு நீங்கள் முடியுங்கள். அதற்கடுத்ததில் கடைசி இரண்டு படிகள். இப்படி முழுதும் உங்கள் கைக்கு வரும்வரை. கொஞ்சம் தேறியபின் இதே விளக்கங்கள் தொந்தரவாகிவிடும், அப்போது விட்டுவிடுங்கள். அனுபவசாலிகளைப் புதியவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் அவர்கள் சலித்துக்கொள்வதற்கு ஆணவம் காரணமல்ல, இதுதான் காரணம்.

ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதா, கலந்து பயில்வதா?

அடிப்படை பிடிபட்டதும் கலக்குங்கள். ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போட்டால், எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. வெளியே வரும் சிக்கல்களிலோ அந்த யோசனைதான் முக்கால்வாசி. நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் இருவரும் 12 ஓவியர்களின் படங்களைச் சிலவற்றை ஓவியர்வாரியாகவும் சிலவற்றைக் கலந்தும் காட்டி, பின்னர் புதுப் படங்களைக் கொடுத்து யாருடையது என்று கேட்டார்கள் (2008). கலந்து பார்த்த ஓவியர்களையே அதிகம் இனங்கண்டார்கள். ஆனாலும் வரிசையாகப் பார்த்ததே உதவியது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். இங்கேயும் உணர்வு ஏமாற்றுகிறது. கலந்து பயிலும் நாளில் தப்புகள் கூடும். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

இசை, நீச்சல், தையல் போன்றவற்றுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

இடைவெளியும் கலப்பும் பொருந்தும். கூடுதலாக வேண்டியது உடனடித் திருத்தம். தடுக்குகிற மிகச் சிறிய துண்டைப் பிரித்தெடுங்கள்; பாடல் முழுவதையும் பத்துத் தடவை வாசிக்காமல், விரல் இடறும் இரண்டு தாளச்சுற்றை மட்டும் பாதி வேகத்தில் வாசியுங்கள். செல்போனில் ஒளிப்பதிவு செய்து, ஒரே ஒரு குறையை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்துங்கள். தொடர்ந்து மூன்று தடவை பிசகாமல் வந்தால் வேகத்தைச் சற்று ஏற்றுங்கள்.

"பத்தாயிரம் மணி நேரம்" என்று சொல்லப்படுவதைக் கண்டு மலைக்க வேண்டாம். ஆண்டர்ஸ் எரிக்சன் 1993இல் எழுதியதில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச்சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சேர்த்திருந்த பயிற்சியின் சராசரி அது. தேர்ச்சிக்கான எல்லைக்கோடு அல்ல. நண்பர்களோடு வாசிக்கும் அளவுக்கு வர அதில் மிகச் சிறு பங்கு போதும்.

தப்பாகச் சொன்னால் அதுவே மனத்தில் தங்கிவிடாதா?

திருத்தாவிட்டால் தங்கும். உடனே சரியான விடையைப் பார்த்துவிட்டால் தங்காது. உறுதியாக நம்பிச் சொன்ன தப்பு, திருத்தப்பட்டதும் அரைமனதோடு சொன்ன தப்பைவிட நன்றாகச் சரியாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதிர்ச்சி கவனத்தை இழுப்பதே காரணம். பெரியவர்களுக்குத் தடை, தப்பைவிட அதைப் பிறர் பார்ப்பது. முதல் முயற்சிகளைத் தனியாகச் செய்ய வாய்ப்பிருந்தால் அப்படியே செய்யுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு படிக்கலாமா?

வேண்டாம். பகலில் கற்றது தூக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. தூங்காதவருக்கு மறுநாள் புதிதாகப் பதிவதும் குறைகிறது. இரவு பதினொன்றுக்குமேல் கிடைக்கும் ஒரு மணி நேரத்தைவிட, உணவு இடைவேளையில் கிடைக்கும் இருபது நிமிடம் பயனுள்ளது.

பலமுறை தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். எப்படித் தொடர்வது?

"நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்ற முடிவு நிலைப்பதில்லை. எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று கட்டிவையுங்கள்: "காலையில் பேருந்தில் உட்கார்ந்ததும் அட்டைகளை எடுப்பேன்." உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த முறை இது. அடையாளம் கண்ணில் பட்டதும் செயல் தொடங்கிவிடுவதால், மன உறுதியை எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. தடங்கலுக்கும் ஒன்று எழுதிவையுங்கள்: "இரவு அமர்வு தவறினால், மறுநாள் காலை பத்து நிமிடம்." கூடவே, அடுத்த அமர்வுக்கு எந்தப் பக்கம், எந்தப் பயிற்சி என்று இன்றே ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று தேடுவதிலேயே பல மாலைகள் கரைந்துபோகின்றன.

மாதக்கணக்கில் விட்டிருந்தாலும் எல்லாம் வீணாகவில்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டியது இது: முற்றிலும் மறந்ததுபோல் தோன்றுவதையும் இரண்டாம் முறை கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. பழைய குறிப்பேட்டை முதலில் திறக்காதீர்கள். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வெற்றுத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு திறங்கள்.

நான் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரே நாள்தான் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

அந்த ஆறு மணி நேரத்தை உடைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இரண்டு மணி நேரமாக மூன்று வாரம் என்றால் மிக நல்லது. முடியாவிட்டால் உள்ளடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, அந்த நேரத்தைச் செய்துபார்ப்பதற்குக் கொடுங்கள். காலையில் விளக்கம் தொடங்குமுன் ஐந்து கேள்வி கேளுங்கள், தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை; எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்பார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, குறிப்பைப் பார்க்காமல் இரண்டு நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். மதிப்பெண் வேண்டாம், தாளை வாங்கவும் வேண்டாம். எடுத்துக்காட்டுகளை அவர்களுடைய சொந்தக் கோப்பு, சொந்த எந்திரம், சொந்த வாடிக்கையாளர் புகார் ஆகியவற்றிலிருந்தே எடுங்கள்.

வகுப்பு முடிவில் கொடுக்கும் திருப்திப் படிவம், கற்றார்களா என்பதைச் சொல்லாது. மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் ஆகிய தேதிகளில் அதே பாடத்திலிருந்து ஐந்தைந்து கேள்விகளைச் செல்போனுக்கு அனுப்புங்கள், விடைகளை உடனே தெரியும்படி வையுங்கள். முப்பதாம் நாளும் பலர் தவறவிடும் கேள்விகளை எடுத்து, அடுத்த வகுப்புக்கான பாடத்தை அங்கிருந்து திருத்தி எழுதுங்கள்.